நான்காம் கட்டம்: வவுனியா – காரைநகர்

எங்கள் பக்கம் மலை இல்லை.
மலைக்குப் பதிலாய்
சோழகத்தை வைத்திருக்கிறோம்.

பாதைப் படத்தில் உயரக் கோடு
பாய் விரித்தது போல் கிடந்தது.
சுகமான நாள் என்றார்
கண்டியிலிருந்து வந்த பயிற்சியாளர்.
நான் ஒன்றும் கதைக்கவில்லை.
ஆனையிறவு தாண்டியதும் அவரே
கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

என் வேலை போத்தல்.
பின்னால் விழுந்து, காரில் ஆறு போத்தல் வாங்கி,
சட்டைக்குள் நாலு, சட்டகத்தில் இரண்டு,
கர்ப்பிணி போல் முதுகு புடைக்க
எண்பது பேரைத் தாண்டி
மறுபடி முன்னால் கொண்டுபோவது.
தினுக்க "வத்துர" என்பான்.
நான் "தண்ணி" என்பேன்.
நாலு நாளாய் எங்களுக்குள் நடந்த
முழுக் கதையும் அதுதான்.
அவன் மொத்த நேரத்தில் இரண்டாவது,
ஒன்பது விநாடி பின்னால்.
நான் எழுபத்து மூன்றாவது.
எத்தனை நிமிடம் பின்னால் என்று
யாரும் கேட்டதில்லை.

எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத
ஒரு வழக்கம் உண்டு:
ஒருவனின் ஊர் வரும்போது
கூட்டம் கால் தளர்த்தி
அவனை முன்னே விடும்.
மானிப்பாய் கழிந்ததும் மஞ்சள் சட்டைக்காரன்
நாடியால் காட்டினான், போ.

போனேன்.
முந்நூறு மீற்றர்
வீதி முழுக்க எனக்கு.
சண்டிலிப்பாய்ச் சந்தியில் பெடியள்
மதிலேறி நின்று தகரம் அடித்தார்கள்.
சில்லு வாங்கக் கடன் தந்த அருமைத்துரை
கை தட்டினார், பிறகு
இரண்டு விரலைத் தேய்த்துக் காட்டினார்.
அக்கா கைபேசியை உயர்த்திப் பிடித்து
என்னை விட்டுவிட்டு
அதற்குள் என்னைத் தேடினாள்.

தார் மேல் சுண்ணாம்பால்
ஆளுயர எழுத்தில் என் பெயர்:
கஜிபன்.
மேலே ஒரு சுழி விடுபட்டு
நெடில் குறிலாகியிருந்தது.
அருமைத்துரைக்கு நான் கடன்,
ஊர் எனக்கு ஒரு சுழி கடன்.
இன்னும் காயவில்லை.
நட்ட நடு எழுத்தில் ஏறிப் போனேன்.

சங்கானைக்கு முன்
கூட்டம் என்னை விழுங்கிற்று.
யாரோ முதுகில் தட்டினான்.

பிறகு பொன்னாலைப் பாலம்.
இரு பக்கமும் கடல்,
மறைவுக்கு ஒரு பூவரசு இல்லை.
சோழகம் இடது கன்னத்தில் அறைந்தது,
அறைந்த கையை எடுக்கவே இல்லை.
கூட்டம் சரிந்து
விசிறி மட்டைபோல் விரிந்து
கிழிந்தது.
முன் கிழிசலில் ஏழு பேர்.
இடமில்லாதவர்கள் வலது ஓரக் கல்லோடு
ஒருவர் பின் ஒருவராய்க் கழன்றார்கள்.

தினுக்க என் பின்சில்லுக்கு
வலப்புறமாய் ஒண்டினான்,
ஒரு விரற்கடை இடைவெளி.
குனிந்து மிதிப்பவனுக்கு
உலகமே முன்னிருப்பவனின் ரயர்தான்.
அதில் என் சுண்ணாம்பு.
தமிழ் வாசிக்கத் தெரியாதவன்
என் பெயரின் ஒரு துண்டை
சுற்றுக்கு ஒருமுறை
பாலம் முடியுமட்டும் பார்த்துக்கொண்டு வந்தான்.

நடுப்பாலத்தில் என் இடுப்பருகே
ஒரு போத்தல் நீண்டது.
அரைவாசி, சூடு.
நான் சுமந்து கொடுத்ததுதான்.
வாயைத் திறந்தால் உப்பு.
இரண்டு பேரும்
ஒன்றும் சொல்லவில்லை.

கரை தெரிய என் கால்கள் முடிந்தன.
விலகினேன். அவன் போனான்.
எனக்குப் பின்னால் கடைசி வாகனம்,
ஓட்டுநர் பகோடா கடித்தபடி
நான் எப்போது ஏறுவேன் என்று வந்தார்.
ஏறவில்லை. நேரக்கெடுவுக்கு
நாற்பது விநாடி மிச்சம்.
ஐஸ்பழக்காரர் சொல்லித்தான் தெரியும்:
ஒன்பது விநாடி ஐந்தாகியிருந்தது.

இரவு ரம்சீன் குழாய் பிடித்து
சைக்கிளைக் கழுவினான்.
"இதென்ன, சில்லுக்கு வெள்ளையடிச்சதா?"
"றோட்டில இருந்தது."
பிரஷ் போட்டுத் தேய்த்தான்.
வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தேன்,
கொட்டாவி வந்தது.

விடிய ஐந்தாம் கட்டம்.
போத்தல்களின் மூடியை
ஒவ்வொன்றாய் மணந்து பார்த்து
கவிழ்த்து வைத்தேன்.